தமிழ்நாட்டில் 25.9, பீகாரில் 0.6: தற்கொலைக் கணக்கை எப்படிப் படிப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 மார்ச் 2024

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கடந்த டிசம்பரில் வெளியானது. நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக 19,834 பேருடன் தமிழ்நாடு இரண்டாம் இடத்தில் நிற்கிறது. ஒரு லட்சம் பேருக்கு இங்கே 25.9, பீகாரில் 0.6. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ரேஷன் அரிசியும் இருக்கிற மாநிலத்தில் நாற்பது மடங்கு அதிகம் என்றால், துன்பத்தைத் தாங்கத் தெரியாத தலைமுறையை நாம் வளர்த்துவிட்டோம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

3 மார்ச் 2024

அந்த 0.6-ஐ நம்புவதென்றால், உலகிலேயே தற்கொலை மிகமிகக் குறைந்த நிலப்பகுதிகளில் ஒன்று பீகார் என்றும் நம்ப வேண்டியிருக்கும். பாட்னாவில் யாரும் அப்படிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பணி ஓய்வு பெறும்வரை நான் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தேன். ஒரு சாவு டெல்லி அறிக்கையில் ஓர் எண்ணாக ஏறுவதற்கு எத்தனை கை மாறுகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். அவசரப் பிரிவு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஊர்க் காவல் நிலையத்தில் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின் கீழ் வழக்குப் பதிய வேண்டும். பிரேதப் பரிசோதனை முடிந்து, விசாரணை அதிகாரி 'தற்கொலை' என்று முடிவெழுத வேண்டும். அதன்பிறகு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் அந்த எண் பயணிக்க வேண்டும். இவற்றில் எந்த இடத்தில் சங்கிலி அறுந்தாலும் அந்த மனிதர் அறிக்கையில் இல்லை. மருத்துவமனை வெகுதொலைவில் இருந்து, உடலை அன்று மாலையே எரித்துவிடும் ஊர்களில் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் உயிரோடு ஏதோவொரு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள், ஆகவே எழுதப்படுகிறார்கள். ஆம்புலன்ஸ் அதிகம் ஓடும் மாநிலத்தில் இந்தக் கணக்கும் அதிகமாகத்தான் தெரியும்.

4 மார்ச் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, தமிழ்நாட்டின் எண் நம் நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று இரண்டு மூன்று பேர் ஆறுதல் அடைந்திருக்கிறார்கள். அவ்வளவு எளிதில் தப்பித்துவிட முடியாது.

காவல்துறையைச் சாராமல், வீடு வீடாகச் சென்று 'இந்த வீட்டில் யார் இறந்தார்கள், எப்படி இறந்தார்கள்' என்று கேட்டுத் தொகுத்த பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு என்ற ஒன்று இருக்கிறது. அதன் முடிவுகள் 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. 2010-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,87,000 தற்கொலைகள் நிகழ்ந்திருக்கும் என்று அது கணித்தது. அதே ஆண்டுக்குக் காவல்துறைக் கணக்கு 1,34,599. ஆக, விடுபட்டவை ஐம்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அதே ஆய்வில், நாட்டின் மக்கள்தொகையில் 22 விழுக்காடு மட்டுமே கொண்ட நான்கு தென்மாநிலங்களில்தான் தற்கொலைச் சாவுகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு நிகழ்ந்தன. அதாவது நாற்பது மடங்கு என்ற வித்தியாசம் பதிவேடு உண்டாக்கியது. தெற்கில் அதிகம் என்பது மட்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

9 மார்ச் 2024

தமிழ்நாட்டுப் பதிவேடும் முழுமையானதல்ல என்பதற்கு இரண்டு பழைய ஆய்வுகள் போதும்.

1997-98-இல் விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 39,000 மரணங்களைப் பற்றி உறவினர்களிடம் நேரில் விசாரித்தார்கள். இலட்சத்துக்கு 62 என்று வந்தது. ஆண்களில் 71, பெண்களில் 53. பதினைந்து முதல் இருபத்துநான்கு வயதுக்குள் மட்டும் பார்த்தால் பெண்களின் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டிவிடுகிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரப் பிரிவு பல ஆண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் ஊர்ப் பணியாளர்களைக் கொண்டு பதிந்துவருகிறது. அங்கே 1994 முதல் 1999 வரையிலான சராசரி 95-ஐத் தொட்டது. அந்தக் காலத்தில் காவல்துறை ஏடுகள் காட்டியதைவிட இவை பல மடங்கு.

கணியம்பாடியின் இன்னொரு கணக்கைப் படித்த அன்று வேலையைத் தொடர முடியாமல் எழுந்துபோய்விட்டேன். 1992 முதல் 2001 வரை, பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்திருந்தார்கள். பையன்களில் லட்சத்துக்கு 58, பெண்பிள்ளைகளில் 148. அந்த வயதில் இறந்த பையன்களில் நாலில் ஒருவர் சாவுக்குத் தற்கொலையே காரணம். பெண்பிள்ளைகளிலோ, இறந்தவர்களில் பாதியிலிருந்து முக்கால்வாசிப் பேர். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி, சாலை விபத்து எல்லாம் சேர்ந்து மிச்சப் பங்கைப் பகிர்ந்துகொண்டன. ஒரு தொற்றுநோய் இந்த அளவுக்குப் பிள்ளைகளைக் கொன்றிருந்தால் ஊர்தோறும் முகாம் போட்டிருப்பார்கள்.

பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். மனநல மருத்துவரின் அறைக்குள் மட்டும் தீர்க்கக்கூடிய அளவில் இது இல்லை.

10 மார்ச் 2024

காரணங்களின் பட்டியலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2022 அறிக்கைப்படி 'குடும்பப் பிரச்சினைகள்' 31.7 விழுக்காடு, 'நோய்' 18.4 விழுக்காடு. இந்த இரண்டு பெட்டிகளுக்குள் பாதி நாடு அடங்கிவிடுகிறது.

அந்தப் பெட்டி எப்படி நிரம்புகிறது என்பதைச் சொல்கிறேன். அவசரப் பிரிவுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு உண்டு. அங்கேதான் காவல் நிலையத்துக்கான மனுவை எழுதுவார்கள். பெரும்பாலும் தகப்பனுக்கு எழுதத் தெரியாது, அல்லது கை நடுங்கும். ஊரிலிருந்து கூட வந்த யாராவது ஒருவர் முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவார். வாசகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 'என் மகளுக்கு நீண்ட நாட்களாகத் தீராத வயிற்றுவலி இருந்துவந்தது. பல இடங்களில் வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை. வாழ்க்கையில் வெறுப்படைந்து இந்த முடிவுக்கு வந்துவிட்டாள். அவள் சாவில் எனக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை.' கீழே இடதுகைப் பெருவிரல் ரேகை. மறுநாள் நாளிதழில் அதே வயிற்றுவலி வரும்; அடுத்த ஆண்டு டெல்லி அறிக்கையில் 'நோய்' என்ற பெட்டியில் அது ஓர் எண்ணாக உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் தகப்பன் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. வீட்டில் திருமணமாகாத இன்னொரு பெண் இருக்கிறாள். உடலை இருட்டுவதற்குள் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மருமகன் வீட்டாரோடு நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும். வயிற்றுவலி என்று எழுதினால் எல்லாருக்கும் வேலை சுருக்கமாக முடிகிறது. காவலருக்கும்தான்.

ஆகவே 'எந்தக் காரணத்தால்' என்ற அட்டவணையை நான் நம்புவதில்லை. 'யார், எந்த வயதில், எந்தத் தொழிலில்' என்ற அட்டவணைகள் அதைவிட நம்பகமானவை. அவற்றை மாற்றி எழுதுவதால் யாருக்கும் லாபமில்லை.

17 மார்ச் 2024

'பெண்கள் எளிதில் உணர்ச்சிவசப்படுவார்கள்' என்று எழுதிய அன்பருக்கு. உலக அளவில் பெண்களைவிட ஆண்களே ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகத் தற்கொலையால் இறக்கிறார்கள். பணக்கார நாடுகளில் இது மூன்று மடங்கு. பெண்களின் இயல்புதான் காரணம் என்றால் எல்லா நாட்டிலும் அல்லவா அது வெளிப்பட வேண்டும்?

இந்தியாவில் அந்த இடைவெளி சுருங்குகிறது. 2016-க்கான ஒரு கணிப்பின்படி இங்கே ஆண்களில் லட்சத்துக்கு 21.2, பெண்களில் 14.7. உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் 36.6 விழுக்காட்டினர் இந்தியப் பெண்கள். 1990-இல் இது 25.3 ஆக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள். 2022 காவல்துறைக் கணக்கிலும் இறந்த 48,172 பெண்களில் 25,309 பேர், அதாவது பாதிக்கும் மேல், 'இல்லத்தரசிகள்'.

திருமணம் மனிதரைத் தற்கொலையிலிருந்து காக்கும் என்பது சமூகவியலின் பழைய பாடம். 1897-இல் எமில் துர்கெய்ம் பிரெஞ்சுப் புள்ளிவிவரங்களை வைத்து அதைச் சொன்னார். அந்தக் காப்பு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் கிடைக்கிறது என்றும் அவரே எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். சிறுவயதுத் திருமணம், அடி, வரதட்சணைப் பேச்சு, கையில் சொந்தமாகப் பத்து ரூபாய் இல்லாத நிலை, பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாத நிலை ஆகியவற்றோடு வரும் திருமணம் யாரைக் காக்கும்?

மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நான் பார்த்தவரை அந்த விசாரணை ஒரே கேள்விக்கு விடை தேடியது: வரதட்சணைக் கொடுமை உண்டா, இல்லையா. இல்லை என்று பதில் வந்தால் கோப்பு மூடப்பட்டுவிடும். மற்றபடி அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. எட்டாவது ஆண்டில் இறந்தவளுக்கு அந்தக் கேள்வியும் இல்லை.

18 மார்ச் 2024

ஆண்களை மறந்துவிட்டேன் என்கிறார்கள். மறக்கவில்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். 2022-இல் நூற்றுக்கு 72 பேர்.

தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகள்தான் முதலிடம்: மொத்தத்தில் 26.4 விழுக்காடு. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கொத்தனார், சித்தாள், லோடுமேன், பெயின்டர் என்று பதிவேட்டில் நாங்கள் எழுதிய தொழில்கள்தான் டெல்லியில் 'தினக்கூலி' என்ற ஒரே வரியாகச் சுருங்குகின்றன. இவர்களைப் பற்றித் தலையங்கம் வருவதில்லை, கட்சிகள் ஆறுதல் சொல்ல வீட்டுக்குப் போவதில்லை. வேலை இல்லாத வாரமும், கந்துவட்டியும், டாஸ்மாக்கும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் இவர்கள் நிற்கிறார்கள். அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும்போது பலருடைய வாயில் சாராய வாடை அடிக்கும். மருத்துவர் அதையும் எழுதுவார். குடிப்பவர் மட்டுமல்ல, குடிப்பவரின் மனைவியும் அதே பதிவேட்டில் வந்த நாட்கள் உண்டு.

19 மார்ச் 2024

விவசாயிகள் பற்றி: 2022-இல் விவசாயத் துறையைச் சேர்ந்தோர் 11,290 பேர், மொத்தத்தில் 6.6 விழுக்காடு. மேற்கு வங்கம், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்கள் தங்கள் ஊரில் ஒரு விவசாயிகூட, ஒரு விவசாயக் கூலிகூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்று அறிவித்திருக்கின்றன. சுழியைக் கண்டுபிடித்த நாடு என்று நம்மைச் சும்மாவா சொல்கிறார்கள்.

பட்டா யார் பெயரில் என்பதை வைத்தே 'விவசாயி' என்று எழுதும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. குத்தகைக்குப் பயிர் செய்தவரும், கணவர் பெயரில் உள்ள நிலத்தில் உழைத்த பெண்ணும் வேறு வரிகளுக்குப் போய்விடுகிறார்கள்.

24 மார்ச் 2024

இந்த இழையைப் படித்துவிட்டு ஒருவர் தன்னைப் பற்றியே எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவரோடு பேசிவிட்டேன், இப்போது அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அப்படி ஓர் எண்ணம் இருந்தால், இரவென்றும் பகலென்றும் பாராமல் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. இலங்கையில் 1926. கூடவே, நம்பும் ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று: நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டபிறகு அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வழிமுறைகளை விவரித்திருந்த இரண்டு பதில்களை நீக்கும்படி நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் நாளிதழ்களுக்கே இதுபற்றி நெறிமுறை வகுத்துவிட்டது. நமக்கும் அது பொருந்தும்.

2 ஏப்ரல் 2024

தாங்கும் சக்திதான் விஷயம் என்று இன்னும் பேசுகிறவர்கள் பாக் நீரிணையைத் தாண்டி ஒருமுறை பார்க்க வேண்டும்.

இலங்கையில் 1950-இல் லட்சத்துக்கு ஏறத்தாழ 6.5 ஆக இருந்த தற்கொலை விகிதம் 1995-இல் 47-ஐத் தொட்டது. அன்று உலகிலேயே மிக உயர்ந்த எண்களில் அதுவும் ஒன்று. பசுமைப் புரட்சியோடு கிராமத்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்த பூச்சிமருந்துதான் அந்த ஏற்றத்துக்குப் பெரும் காரணம் என்பதை அங்கிருந்த மருத்துவர்களும் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் அலுவலகமும் கண்டுகொண்டார்கள். 1984-இல் தொடங்கிக் கொடிய நச்சுத்தன்மை உள்ள மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடிய நச்சு என்று முதல் வகுப்பில் வைத்திருக்கும் மருந்துகளின் இறக்குமதி 1995-இல் முடிவுக்கு வந்தது, 1998-இல் இன்னொன்று, 2008-க்கும் 2011-க்கும் இடையில் மேலும் மூன்று.

அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 1986-95-உடன் ஒப்பிட்டால் 1996-2005-இல் மட்டும் சுமார் 19,800 பேர் குறைவாக இறந்திருக்கிறார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு செய்தியை. விஷம் அருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் குறையவில்லை. மக்களின் துயரம் அப்படியேதான் இருந்தது: போர், வேலையின்மை, குடி, காதல் முறிவு எதுவும் ஓயவில்லை. வந்தவர்களில் இறந்தோரின் பங்குதான் சரிந்தது. மீண்டவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. யாருடைய மனவலிமையையும் கூட்டாமல், கடை அலமாரியை மாற்றி இத்தனை உயிரைக் காத்திருக்கிறார்கள்.

3 ஏப்ரல் 2024

'ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைத் தேடிக்கொள்ள மாட்டார்களா?' எல்லாரும் கேட்கும் கேள்வி. நானும் பல காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சிலர் தேடிக்கொள்கிறார்கள். இலங்கையில் வேறு வழிகளால் ஏற்பட்ட சாவுகள் ஓரளவு கூடின. ஆனால் இறங்கிய கணக்கை அவை ஈடுகட்டவில்லை. இங்கிலாந்தில் 1960-களில் வீட்டு எரிவாயுவை நச்சுக் குறைந்ததாக மாற்றியபோதும் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பலருக்கு அந்த உந்துதலின் உச்சம் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

நான் பேசிய, பிழைத்துக்கொண்ட பெண்களில் பலர் அன்று காலைவரை அப்படி ஒன்றை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்றார்கள். தோட்டத்துக்கு வாங்கி வந்தது மாடக்குழியில் இருந்தது, அவ்வளவுதான்.

11 ஏப்ரல் 2024

'அப்படியானால் பூட்டி வைத்தால் போதுமே' என்பது அடுத்த யோசனை. இதில் இரண்டு சோதனைகள் எதிரெதிரான விடையைத் தந்திருக்கின்றன.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், சென்னையின் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் வங்கி லாக்கர் போன்ற பெட்டிகள் கொண்ட பொதுக் கிடங்கு கட்டிக்கொடுத்தார்கள். விவசாயிகள் தங்கள் மருந்தை அங்கேயே வைத்துவிட்டு, தெளிக்கும் நாளில் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கிராமங்களில் சாவு குறைந்தது. ஆனால் அனுராதபுரம் பகுதியில் 180 ஊர்களில், வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி கொடுத்து நடத்திய மிகப் பெரிய சோதனையில் பயன் எதுவும் இல்லை என்று 2017-இல் முடிவு வந்தது.

இரண்டும் முரண் என்று முதலில் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வீட்டுப் பெட்டியின் சாவி வீட்டில்தான் தொங்குகிறது. அறுவடைக் காலத்தில் யார் அதை ஒவ்வொரு முறையும் பூட்டுவார்கள்? பொதுக் கிடங்குக்குப் போவதென்றால் தெருவைக் கடக்க வேண்டும், எதிரில் ஒருவர் 'எங்கே போகிறாய்' என்று கேட்பார். காட்டுமன்னார்கோவில் சோதனை சிறியது, அதைக் கொண்டு மாநிலத்துக்கே விதி எழுத முடியாது என்பதும் சரிதான். ஆகவே பூட்டைவிடத் தடைதான் உறுதியான வழி என்ற இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

இந்தியா 2018-இல் 18 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. அவற்றில் ஆறுக்கு 2020 இறுதிவரை அவகாசம் கொடுத்தது. தமிழ்நாடு 2023-இல் ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. மாநிலத்தின் அதிகாரம் அவ்வளவுதான். நிரந்தரத் தடை விதிக்கும் உரிமை மத்திய அரசிடம் இருக்கிறது.

14 ஏப்ரல் 2024

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் நண்பர், போர்க்காலத்தில் அங்கே தற்கொலை குறைந்ததை நான் குறிப்பிடவில்லை என்கிறார். உண்மைதான். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அதை 1990-களிலேயே எழுதியிருக்கிறார். போர்க்காலத்தில் சமூகம் நெருங்கி நிற்பதால் தற்கொலை குறைகிறது என்பது துர்கெய்ம் முதலே உள்ள விளக்கம். பதிவேடே இயங்காத காலத்தில் எவ்வளவு பதிவானது என்ற ஐயமும், பூச்சிமருந்தும் பொருளாதாரத் தடைக்குள் சிக்கியதா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அதைவிடப் போருக்குப் பின்பு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வாங்கிய பெண்களின் கதையை அவர் விரிவாக எழுதினால் நல்லது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் அந்தக் கடன்களில் ஒரு பகுதியை 2018-இல் கொழும்பு அரசே ஏற்றுக்கொண்டது என்றால் நெருக்கடி எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்.

6 மே 2024

இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிவு. தேர்ச்சி 94.56 விழுக்காடு.

மாணவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியது சுருக்கமானது. 2022-இல் 13,044 மாணவர்கள்; மொத்தத்தில் 7.6 விழுக்காடு. தொலைக்காட்சி விவாதங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் பங்கு இதைவிட மிக அதிகம், தினக்கூலிக்குக் கிடைப்பதோ ஒன்றுமில்லை. அதற்காக இது சிறியதென்று நான் சொல்லவரவில்லை.

தமிழ்நாடு இந்த ஒரு விஷயத்தில் நாட்டுக்கு வழிகாட்டியிருக்கிறது. தோற்றவர் ஓராண்டு வீட்டில் உட்கார வேண்டியதில்லை. அடுத்த மாதமே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டு கல்லூரிக்குப் போகலாம் என்ற ஏற்பாடு இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் சினேகாவும் உண்டு. 2017-இல் மாநில ரேங்க் பட்டியலையும் நிறுத்தினார்கள். தோற்ற பிள்ளைகளை 104 மையத்திலிருந்து அழைத்துப் பேசும் வழக்கமும் சில ஆண்டுகளாக இருக்கிறது. பிள்ளைகளுக்குத் 'தாங்கும் சக்தி' வகுப்பு எடுப்பதைவிட, தேர்வு அட்டவணையில் ஒரு தேதியைச் சேர்த்தது அதிகம் சாதித்தது.

துணைத்தேர்வு ஜூன் கடைசியில். தோற்ற பிள்ளை உள்ள வீட்டில் இன்று உறவினர்களின் தொலைபேசியைப் பெரியவர்கள் எடுத்துப் பேசிக்கொள்ளலாம்.

1 ஜூலை 2024

இன்றுமுதல் பாரதிய நியாய சன்ஹிதா. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, அதாவது தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டுவரை சிறை என்ற பிரிவு, புதிய சட்டத்தில் இல்லை. 2017 மனநலச் சட்டம் ஏற்கெனவே அதன் பல்லைப் பெருமளவு பிடுங்கியிருந்தது. ஆனால் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தில் முயன்றால் 226-ஆவது பிரிவின் கீழ் தண்டனை உண்டு. ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நின்று கடைசியில் அந்த நிலைக்கு வரும் ஏழைக்கு மட்டும் பழைய சட்டம் மிச்சமிருக்கிறது என்று இதைப் படிக்கிறேன்.

இலங்கை 1998-லேயே இந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது.

பதிவேட்டு அறையிலிருந்து பார்த்தால் 309 செய்த கெடுதல் சிறைத்தண்டனையில் இல்லை; கிட்டத்தட்ட யாரும் சிறைக்குப் போனதில்லை. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து, தண்ணீர் என்று நினைத்துத் தவறுதலாகக் குடித்துவிட்டார் என்று உறவினர்கள் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதப்பட்டவருக்கு மனநல மருத்துவரிடம் அனுப்பும் சீட்டு கிடையாது. வந்த அன்றே வயிற்றைக் கழுவி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு.

7 ஜூலை 2024

2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2020-இல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் பத்து விழுக்காடு குறைப்போம் என்கிறது. 2020-இன் கணக்கு 1,53,052. பத்து விழுக்காடு குறைத்தால் சுமார் 1,37,700. 2022-இலேயே நாம் 1,70,924-இல் நிற்கிறோம். அதோடு, 309 போன பிறகு மக்கள் பயமின்றி உண்மையைச் சொல்லத் தொடங்கினால் எண் மேலும் ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டு யாரும் பதறக் கூடாது.

கண்காணிப்பு முறையை மூன்று ஆண்டுகளுக்குள் ஏற்படுத்துவதாக அதே ஆவணம் சொல்கிறது. அது காவல் நிலையத்திலிருந்து தொடங்காமல் அவசரப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இறந்தவரோடு பிழைத்தவரையும் எண்ண வேண்டும். இன்றைய அறிக்கையில் பிழைத்தவருக்கு இடமே இல்லை. விபத்துப் பதிவேட்டில் வயது, பால், முகவரி ஏற்கெனவே உண்டு. அவற்றோடு தொழிலைச் சுருக்காமல் எழுத ஒரு பத்தி, மணமாகி எத்தனை ஆண்டு என்பதற்கு ஒன்று, இது முதல்முறையா என்பதற்கு ஒன்று, மருந்து எந்தக் கடையில் வாங்கியது என்பதற்கு ஒன்று, வீடு திரும்பும்முன் மனநலப் பிரிவில் காட்டினார்களா என்பதற்கு ஒன்று. காரணம் என்ன என்று கேட்கும் பத்தி மட்டும் வேண்டாம். அதை மனு எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.